ஹூப்ளி போய்ச் சேர்ந்த லாரி

கோயமுத்தூர் பம்பு கம்பெனி ஒன்றில் பிளானிங் மேனேஜர் வெள்ளியங்கிரி. கேன்டீனில் அவர் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவனின் டீ ஆறிப்போகும், ஆள் நகர முடியாது. லாரி டிரைவர் நாச்சிமுத்து மூன்று நாளாக லோடுக்குக் காத்துக் கிடக்கிறான். நாளைக் காலை நாமக்கல்லில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் பிள்ளைக்குக் காது குத்துவார்களா? வெறும் வண்டியோடு ஊருக்குப் போகலாமென்றாலும் கேட் பாஸ் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர் வெள்ளியங்கிரி. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"புதுசா சாப்ட்வேர் போட்டிருக்கமில்ல? இரும்பு, பேரிங், லாரி எல்லாம் போன்லயே கட்டம் கட்டமாத் தெரியும். பச்சைன்னா சரி, சிவப்புன்னா லேட்டு. போன மாசம் பேரிங் கட்டம் சிவப்பாச்சு. தட்டிப் பாத்தா, அதை ஏத்திட்டு வர்ற டிரைவரு சங்ககிரியில பிரியாணிக்கு நிறுத்தப் போறான்னு காட்டுது. அதுவே கடைக்காரனுக்கு மெசேஜ் போட்டு அடுப்பை அணைக்க வெச்சிருச்சு!"

"அய்யோ பாவம், பட்டினியாவா வந்தான்?" என்றாள் கேன்டீன் மரகதம்.

"பசியே எடுக்கலையாம். அதையும் சாப்ட்வேரே பாத்துக்கிச்சு."

மரகதம் கரண்டியைக் கீழே வைத்தாள். அது அவருக்கு இன்னும் தெம்பாகிவிட்டது.

"அது கெடக்குது. தகடு ஏத்தின கப்பல் நாலு நாள் லேட்டுன்னாங்க. நான் கம்ப்யூட்டர்ல கப்பல் வர்ற வழின்னு போட்டிருந்த கோட்டைப் புடிச்சு இப்படி இழுத்தேன். கப்பல் தூத்துக்குடியில வந்து நிக்குது! கேப்டன் போன் பண்ணி, சார், மெதுவா இழுங்க, கொழம்பெல்லாம் கொட்டுதுங்கறான்."

"கொழம்பு என்ன கொழம்புங்க சார்?" என்றான் நாச்சிமுத்து.

"மீன் கொழம்பு. குறுக்க பேசாத. இப்ப நாங்க செய்யறதுக்கு முன்னாடியே பம்பு போய்ச் சேந்துருது. பொள்ளாச்சியில ஒருத்தரு ரெண்டு வாரமா தென்னைக்குத் தண்ணி பாய்ச்சறாரு. அந்தப் பம்புக்கு வேண்டிய இரும்பு இன்னும் பூமிக்குள்ளயே இருக்குது!"

நாச்சிமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. "என் வண்டிக்கு எப்ப சார் லோடு?"

வெள்ளியங்கிரி போனைத் தடவினார். முகம் மலர்ந்தது. "பச்சை! உன் வண்டி நேத்தே ஹூப்ளி போய்ச் சேந்துருச்சேப்பா!"

மூன்று பேரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். வேப்பமரத்தடியில் லாரி நின்றது. தார்ப்பாயில் காக்கை உட்கார்ந்திருந்தது.

"மாசக் கடைசியில நிக்கற வண்டியெல்லாம் கெளம்பிருச்சுன்னு நாந்தான் தட்டி விட்டேன்" என்றார் அவர், குரலை இறக்கி. "இல்லாட்டி மொதலாளி போன்ல ஒரே சிவப்பாத் தெரியும்."

போய்விட்ட வண்டிக்கு யார் லோடு ஒதுக்குவார்கள்? மூன்று நாள் காய்ந்த காரணம் நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"சரி, பாஸ் குடுங்க. ஊருக்குப் போறேன்."

"போன வண்டிக்கு எப்படிப்பா பாஸ் போடறது? சிஸ்டம் ஏத்துக்காதே!"

நாச்சிமுத்து எழுந்தான். நேரே போய் வண்டியைக் கிளப்பினான். "வாட்ச்மேன், நிறுத்துய்யா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார் வெள்ளியங்கிரி. வாட்ச்மேன் தன் முன்னால் இருந்த திரையை நிதானமாகப் பார்த்தார்.

"அந்த வண்டி மூணு நாளைக்கு முன்னாடியே போயிருச்சுங்க சார். இல்லாத வண்டிய எப்படிங்க நிறுத்தறது?" என்று சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டார்.

மறுநாள் காலை நாமக்கல்லில் தங்கை மகள் நாச்சிமுத்துவின் மடியில் வீறிட்டுக்கொண்டிருந்தபோது வெள்ளியங்கிரியிடமிருந்து போன் வந்தது.

"ஏப்பா, எங்கிருக்கே?"

"ஹூப்ளியிலதானுங்க சார். லோடு எறக்கியாச்சு."

"ஏத்தவே இல்லையேப்பா! அதென்ன, கொழந்தை அழுகுது?"

"நம்ம பம்பை இப்பத்தான் மாட்டினாங்க சார். தண்ணி பிச்சுக்கிட்டு அடிக்குது. பக்கத்து வீட்டுக் கொழந்தை நனைஞ்சிருச்சு."