பாண்டியர் அரண்மனைப் பூனைகள்

துறைத்தலைவர் அறிவுடைநம்பியின் ஆய்வுநூலில் ஓர் அடிக்குறிப்பு: 'பாண்டியர் அரண்மனைப் பூனைகள், பக்கம் 412.' விருதுக் குழுவோ அந்த மூலநூலைக் காட்டச் சொல்லிவிட்டது.

அவர் பல்கலைக்கழக நூலக உதவியாளர் சகாயமேரிக்குப் போன் போட்டார். "நாளைக்குள்ள புத்தகம் வரணும். இல்லைன்னா நீதான் தொலைச்சேன்னு எழுதி வேலையைவிட்டே தூக்கிடுவேன்!"

சகாயமேரி அலமாரி அலமாரியாகத் தேடினாள். அப்படியொரு புத்தகம் அச்சானதாக எந்த அட்டவணையிலும் இல்லை.

மறுநாள் குழுவின் முன்னால் தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அட்டையில் பூனைத் தலைப்பு பளபளத்தது.

"சார், நீங்க படிச்சது இதுதானே?"

அறிவுடைநம்பிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இதேதான்! நம்ம நூலகத்துல உக்காந்து ஒரு வரி விடாம மூணு தடவை படிச்சேனே!"

குழுத்தலைவர் அட்டையைத் திறந்தார். உள்ளே இருந்தது, நூலகத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் வாசலில் கையெழுத்துப் போடும் பதிவேடு. பத்து வருஷத்துக் கையெழுத்துகள்.

"அட்டை மட்டும் நான் ஒட்டினது சார்," என்றாள் சகாயமேரி. "மூணு தடவை வந்தீங்களே, எந்தப் பக்கம்னு காட்டிடுங்க."

அவர் வியர்க்க விறுவிறுக்கப் புரட்டினார். நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நூலகத்துப் பூனை மையை மிதித்துப் பதித்த காலடிகூட இருந்தது. அவர் கையெழுத்துதான் எங்கேயும் இல்லை.