மதகைத் திறக்கும் கணினி

இருக்கும்போது பழசு என்று எல்லாரும் கேலி செய்வார்கள். எடுத்துப் போட்டால் எல்லாரும் அதையே தேடுவார்கள். அது என்ன? விடை தெரிந்தவர்கள் கதை முடியும்வரை சொல்லாமல் இருங்கள்.

ஏரிக்கரை வளை ஒன்றில் கயலி என்ற நீர்நாய் தன் குட்டியோடு குடியிருந்தது. வளைக்கு மேலே, மரப்பொந்தில் ஒரு கணினி. ஏரி நிரம்பினால் அது மதகைத் திறந்துவிடும். திறக்காவிட்டால் முதலில் மூழ்குவது கயலியின் வளைதான். அதனால் கணினிக்குக் காவலும் கயலிதான்.

அதில் ஓடியது நீண்டகால ஆதரவு கொண்ட லினக்ஸ் என்ற இயங்குதளம். ஆண்டுக்கணக்காக அடித்தளத்தை மாற்றாமல், பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் அடைத்துக்கொண்டு ஓடுவது அதன் வழக்கம். அதிலிருந்த நிரல்மொழியும் பழைய பதிப்புதான்.

ஒருநாள் துள்ளன் என்ற குரங்கு, மழையை முன்கூட்டியே சொல்லும் நிரல் ஒன்றைக் கொண்டுவந்தது. நிரல்மொழியின் புதிய பதிப்பு இருந்தால்தான் ஓடுவேன் என்றது அந்த நிரல்.

"என்ன கயலியக்கா, இன்னுமா இதை வைத்திருக்கிறாய்? என் தாத்தாவுக்கு வால் முளைத்த காலத்துப் பதிப்பு!"

"அது பாட்டுக்கு வேலை செய்கிறது. விடு தம்பி."

"மழை முந்தியே தெரிந்தால் உன் குட்டிக்குத்தானே நல்லது? பழையதை நீக்கு, புதியதைப் போடு. ஒரு வாழைப்பழம் தின்னும் நேரம்தான்."

குட்டி என்றதும் கயலியின் மனம் இளகியது. பழைய பதிப்பை நீக்கியது.

மதகு நிரல் உடனே நின்றது. அது பழைய பதிப்பை நம்பி ஓடியது. சரி, புதியதைப் போடலாம் என்று பார்த்தால், நிறுவும் கருவியும் அசையவில்லை. அதுவும் பழைய பதிப்பையே நம்பியிருந்தது.

மேற்கே இடி இடித்தது.

"அக்கா, மழை வரும்போலிருக்கிறதே," என்றது துள்ளன்.

"அதைச் சொல்லத்தானே உன் நிரலைக் கொண்டுவந்தாய்? போ, மதகுச் சக்கரத்தைக் கையால் சுற்று!"

மழை கொட்டியது. துள்ளன் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றியது. மதகு விரலளவுதான் திறந்தது. தண்ணீர் வளையின் வாசலைத் தொட்டது. கயலி குட்டியைக் கவ்விப் பொந்தில் உட்கார வைத்துவிட்டு, அவசரத்துக்கென்று லினக்ஸை ஏற்றி வைத்திருந்த பென் டிரைவைச் செருகி, பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றியது.

கணினி விழித்தது. மதகு முழுதாகத் திறந்தது. சக்கரம் விறுவிறுவென்று சுழல, அதைப் பிடித்திருந்த துள்ளனும் சுழன்றது.

"அக்கா, நிறுத்து!"

"அது பாட்டுக்கு வேலை செய்கிறது. விடு தம்பி," என்றது கயலி. குட்டி சிரித்துச் சிரித்துப் பொந்துக்குள்ளேயே உருண்டது.

மறுநாள் கயலி புதிய பதிப்பைத் தனி அடைவில், அதாவது தனிக் கோப்புறையில், போட்டது. மழை நிரல் அங்கே ஓடியது. மதகு நிரல் பழைய இடத்திலேயே ஓடியது. ஒன்றை ஒன்று தொடவில்லை. இனி மழை வருவது முன்பே தெரிந்துவிடும் என்று தவளைகள் கூத்தாடின.

துள்ளன் பிராயச்சித்தமாக மேட்டில் ஒரு புது வளை தோண்டிக் கொடுத்தது.

"பழைய வளையை மூடிவிடட்டுமா குட்டி?" என்று கேட்டது.

பழையதை நீக்குமுன், அதை நம்பி எவை நிற்கின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது குட்டிக்கும் இப்போது தெரியும்.

குட்டி புது வளையில் போய்ப் படுத்தது. பழையதை மூட வேண்டாம் என்றது.