இரண்டு வாசல் புற்று

குளக்கரை மருதமரத்தடியில் அன்று கூடியவர்கள்: மரங்கொத்தி ஒன்று, எறும்புத்தின்னி ஒன்று, கொக்குகள் ஏழு, தாய் அணில் ஒன்று, அதன் பிள்ளைகள் மூன்று. ஆகப் பதின்மூன்று. கறையான்களை யாரும் அழைக்கவில்லை. அவை மரத்துக்குள்ளேயே இருந்தன.

ஆம், மரத்துக்குப் புற்று. உச்சிக் கிளை காய்ந்துவிட்டது. அதற்கு அடுத்த கிளையில்தான் அணிலின் கூடு.

"மரத்தையே கொளுத்திவிடலாம்! ஒரு கறையான்கூடத் தப்பாது!" என்றது மூத்த கொக்கு.

"பிறகு எதில் உட்காருவீர்கள், ஐயா?" என்று கேட்டது அணில்.

"அதை யோசிக்கவில்லை!"

மரங்கொத்தி கொண்டையைச் சிலிர்த்தது. "மரத்தை விட்டுக் கறையானை மட்டும் கொல்ல எனக்குத் தெரியும்!"

"எனக்கும் தெரியும். வேரடியில் நாக்கை நீட்டினால் போதும்!" என்றது எறும்புத்தின்னி.

இரண்டும் பொய் சொல்லவில்லை. மரங்கொத்தி பகலெல்லாம் கொத்தியது. மாலையில், "மேலே ஒன்றுமில்லை!" என்றது. கொக்குகள் சிறகடித்தன. எறும்புத்தின்னி இரவெல்லாம் நக்கியது. விடியலில், "கீழே ஒன்றுமில்லை!" என்றது. கொக்குகள் மறுபடியும் சிறகடித்தன.

அணில் மட்டும் நடுமரத்துப் பட்டை வெடிப்பில் எட்டிப் பார்த்தது. காலையில் கறையான் கூட்டம் கீழே இறங்கியது. மாலையில் மேலே ஏறியது.

"பகலுக்குக் கீழ்வீடு, இரவுக்கு மேல்வீடு! நம் வைத்தியர்கள் நீடூழி வாழ்க!" என்று சிரித்தது ஒரு கிழட்டுக் கறையான்.

அணில் ஓடிவந்தது. "ஐயா, இருவரும் ஒரே வேளையில் வாருங்கள்! என் பிள்ளைகள் அந்தக் கிளையில் இருக்கிறார்கள்!"

"பகலில் வெளியே வருவதா? எங்கள் குலத்தில் வழக்கமில்லை!" என்றது எறும்புத்தின்னி.

"இருட்டில் கொத்த நான் என்ன ஆந்தையா? அதுவும் சேர்ந்து ஒழித்தால், ஒழித்தது யார் என்று எப்படித் தெரியும்?" என்றது மரங்கொத்தி.

"நல்ல கேள்வி!" என்றன ஏழு கொக்குகளும். அதையே ஒன்பது நாள் பேசின.

பத்தாம் நாள் காற்றடித்தது. கூடு இருந்த கிளை முறிந்தது. பிள்ளைகள் மூன்றும் குளத்தில் விழுந்தன. இரண்டைத் தாய் கவ்விக் கரை சேர்த்தது. மூன்றாவது முங்கிப் போயிற்று.

 

"அந்தியில் இருவருக்கும் கண் தெரியுமல்லவா?" என்று மட்டும் கேட்டது அணில்.

அன்று எறும்புத்தின்னி சற்று முன்னதாக எழுந்தது. மரங்கொத்தி சற்றுப் பிந்தி உறங்கியது. வேறு சிரமம் ஒன்றுமில்லை. மேலே ஓடிய கறையானுக்கு அலகு, கீழே ஓடியதற்கு நாக்கு.

மூன்றாம் அந்தியில் அணில் எட்டிப் பார்த்து, "இன்னும் பதினொன்று இருக்கின்றன," என்றது.

"வெறும் பதினொன்றுதானே!" என்றது மூத்த கொக்கு.

"முதலில் மரத்துக்கு வந்தவை இதைவிட அதிகம் என்றா நினைத்தீர்கள், ஐயா?"

நான்காம் அந்தியில் அவையும் இல்லை.

"நான்தான் ஒழித்தேன்!" என்றது மரங்கொத்தி. "நான்தான்!" என்றது எறும்புத்தின்னி. கொக்குகள் இருவருக்கும் சிறகடித்தன.

இரண்டு வாசல் உள்ள பகையை இரண்டிலும் ஒரே வேளையில் மறிக்க வேண்டும். முறை வைத்து மறித்த வைத்தியர்களுக்குப் புகழ் முழுதாகக் கிடைத்தது, அணிலுக்குப் பிள்ளைகள் இரண்டுதான் மிஞ்சின.