இரண்டரை எலக்ட்ரான்

சுடலையாண்டிக்கு நாற்பத்தெட்டு வயது. மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலை. ஞாயிறுதோறும் நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் இயற்பியல் படித்துவந்தார். பாடம் எடுத்த ஹெப்சிபாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் அவள் முன்னால் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றவர். இது கடைசி வாய்ப்பு. மதியத்துக்குள் ரெக்கார்டு நோட்டை ஒப்படைக்க வேண்டும்.

எண்ணெய்த்துளிச் சோதனை அது. இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே எண்ணெயைத் தூவி, நுண்ணோக்கி வழியே ஒரு துளியைப் பிடிக்க வேண்டும். மின்சாரம் கொடுத்தால் துளி மேலே ஏறும்; நிறுத்தினால் தன் எடையால் கீழே இறங்கும். ஒரே துளியை ஆறு முறை ஏற்றி இறக்கி, ஏறுகிற நேரத்தையும் இறங்குகிற நேரத்தையும் வைத்து, அதில் எத்தனை எலக்ட்ரானின் மின்சுமை இருக்கிறது என்று கணக்கிடலாம்.

நான்கு துளிகள் ஒழுங்காக வந்தன. ஐந்தாவது துளி இரண்டரை என்றது.

பக்கத்து மேசையில் இருந்த, கூடப் படிக்கும் பிரின்ஸ் எட்டிப் பார்த்தான்.

“முதல் ரெண்டு ரீடிங்கை அடிச்சிருங்க அண்ணாச்சி. சுத்தமா மூணு வரும்.”

சுடலையாண்டி பேனாவை எடுத்தார். மூடிவைத்தார். நோட்டைத் தூக்கிக்கொண்டு ஹெப்சிபாவிடம் போனார்.

“மேடம், எலக்ட்ரான்ல பாதி உண்டா?”

“இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை.”

“எனக்கு இரண்டரை வருது. புத்தகம் தப்பா, என் கை தப்பா?”

அவள் விடை எழுதிய பக்கத்தைப் பார்க்கவேயில்லை.

“ஏறின நேரத்தை வாசிங்க அண்ணாச்சி.”

“சராசரி பதிமூணு புள்ளி மூணு செகண்டு.”

“சராசரி வேண்டாம். எழுதின வரிசையில வாசிங்க.”

“இருபது. இருபது. பத்து. பத்து. பத்து. பத்து.”

“இன்னொரு தடவை.”

“இருபது. இருபது.” அவர் வாசிப்பதை நிறுத்தினார். “முதல் ரெண்டுல கை பழகலைன்னு நினைச்சேன்.”

“கம்பத்துல ஏறுறவரு. கை நடுங்குமா?”

“நடுங்காது.”

“அப்போ யாரு மாறினது?”

சுடலையாண்டி அந்த ஆறு எண்களையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மூன்றாவது எண்ணின் மேல் விரலை வைத்தார்.

“இதுக்கு முன்னாடி துளியில ரெண்டு எலக்ட்ரான். இதுல இருந்து மூணு. நான் பார்த்துட்டு இருக்கும்போதே இன்னொண்ணு வந்து ஒட்டியிருக்கு. அதான் வேகமா ஏறியிருக்கு.”

“கணக்குப் போடுங்க.”

அங்கேயே நின்றபடி போட்டார். முதல் இரண்டு எண்களுக்கு இரண்டு வந்தது. மீதி நான்குக்கு மூன்று வந்தது. பாதி எங்கேயும் இல்லை.

ஒன்றையும் அடிக்காமல் ஆறு எண்களையும் அப்படியே ரெக்கார்டில் ஏற்றினார். ஹெப்சிபா கையெழுத்துப் போட்டாள். நோட்டை வாங்கிய பிறகும் அவர் நகரவில்லை.

“மேடம், அந்த ரெண்டையும் அடிச்சிருந்தாலும் மூணுன்னு சரியான விடைதானே வந்திருக்கும்?”

“வந்திருக்கும் அண்ணாச்சி. எலக்ட்ரான் வந்தது தெரிஞ்சிருக்காது.”