ராஜா இல்லாத வம்சம்

அந்தக் காலத்தில் வாய் இருந்த ஜீவன் எல்லாம் பேசிக்கொண்டிருந்தது. பேச விஷயம் தீர்ந்துபோனால் கூடைப்பந்து ஆடியது. காய்ந்த புன்னைக்காய்தான் பந்து. மேலும் கீழும் கிழிந்துபோன தூக்கணாங்குருவிக் கூட்டைப் பனைமட்டையில் கட்டிவிட்டால் அதுதான் கூடை. ஓர் அணிக்கு ஏழு பேர். ஐந்து பேர் ஆட, இரண்டு பேர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கொண்டலாத்திப் பறவை நடுவராக இருந்து "ஊப் ஊப்" என்று ஊதும்.

ஜெயிக்கும் அணிக்கு ஆலமரத்தடி ஒரு வருடத்துக்குச் சொந்தம். ஆலமரத்தடி என்றால் சும்மாவா? கோடையிலும் குளுகுளுவென்று இருக்கும். எந்தச் சருகைப் புரட்டினாலும் ஒரு கரையானாவது நெளியும். மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தவர்களுக்கு அந்த இடம் பேரன் பேத்தி காலம்வரை சொந்தம், கூடவே 'வம்சம்' என்ற பட்டம். யானை நாட்டாமை இப்படி அறிவித்து வெகுகாலம் ஆகியிருந்தது. மூன்றை விடுங்கள், அடுத்தடுத்து இரண்டு தடவை ஜெயித்தவர்களே கிடையாது.

திறமைக்கா பஞ்சம்? ஜெயித்த மறுநாளே ஒரு நோய் வந்து ஒட்டிக்கொள்ளும். மயில் அணி ஜெயித்தபோது மயில், "எல்லாம் என்னாலதான்" என்றது. "ஆமா, பந்தை எடுத்துக் குடுத்தது உங்க தாத்தாவா?" என்றது கௌதாரி. ஓரத்தில் உட்கார்ந்திருந்த காடைகூட, "நான் கத்தலேன்னா ஜெயிச்சிருப்பீங்களாக்கும்?" என்றது. அடுத்த வருடம் ஆளுக்கொரு பக்கம் ஓடி ஆடி, முயல்களிடம் தோற்றார்கள். முயலுக்குக் கூடை எட்டவே எட்டாது; அதனிடம் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

இந்த லட்சணத்தில்தான் தவிட்டுக்குருவி அக்காதங்கைகள் ஏழு பேர் ஆட வந்தார்கள். புழுதி நிறம், சின்ன உடம்பு, விடிந்தால் அடைந்தால் சண்டை. ஆனால் பிறந்த வீட்டுப் பழக்கம் ஒன்று அவர்களுக்கு இருந்தது. ஏழு குஞ்சுகளை வளர்த்த அவர்களுடைய அம்மா, புழு யார் வாயில் அகப்பட்டாலும் "இந்தா!" என்று கூவிப் பக்கத்திலிருக்கும் வாயில் போட வேண்டும் என்று பழக்கியிருந்தாள். "இந்தா" என்ற சத்தம் கேட்டால் ஏழு வாயும் தானாகத் திறக்கும். களத்திலும் அதே கதைதான். திட்டிக்கொண்டே ஓடுவார்கள், "இந்தா! இந்தா!" என்று பந்து போகிற போக்கில் எதிரணிக்குத் தலை சுற்றும். இரண்டு வருடம் ஜெயித்தார்கள்.

மூன்றாம் வருடம் மழை ஏமாற்றியது. காடெல்லாம் காய்ந்து கிடக்க, ஆலமரத்தடியில் மட்டும்தான் புழு பூச்சி இருந்தது. பெரியக்காவின் குஞ்சுகள் அங்கே ஒரு புதரில் இன்னும் இறகு முளைக்காமல் கிடந்தன. தோற்றால் அன்றைக்கே இடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்தக் குஞ்சுகள் வெளியே பிழைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஏழு பேரில் குறி தப்பாமல் எறிபவள் துடுக்கி. ஆட்டத்துக்கு முதல் நாள் மயில் அவளைத் தேடி வந்தது.

"ஏம்மா துடுக்கி, உங்க அணியில ஆடத் தெரிஞ்சவ நீ ஒருத்திதானே? மத்ததெல்லாம் வெறும் வாய். ஜெயிச்சா நாட்டாமை ஒரு கொண்டை தரப்போறாராம். ஒரே ஒரு கொண்டை. கடைசிப் பந்தை யார் போடுறாங்களோ அவங்க தலைக்குத்தான் அது போகும்."

இதைச் சொன்னது மறுநாள் எதிரே ஆடப்போகிற ஆள் என்பதைக்கூடத் துடுக்கி யோசிக்கவில்லை. குட்டையில் போய்த் தன் தலையைப் பார்த்தாள். கொண்டை வைத்தால் எடுப்பாகத்தான் இருக்கும் என்று பட்டது. நோய் பிடித்துவிட்டது.

மறுநாள் ஆட்டத்தில் பந்து அவளிடம் போனால் போனதுதான். வாயை இறுக மூடிக்கொண்டு தானே எறிந்தாள்; மயில் தோகையை விரித்து மறைத்ததில் எல்லாம் தவறியது.

"ஏண்டி, உன் வாயில என்ன கொழுக்கட்டையா? குடுடி பந்தை!" என்று கத்தினாள் பெரியக்கா.

"எனக்குத் தெரியும், உன் வேலையைப் பாரு!"

"என் குஞ்சுங்கடி அங்க கெடக்குது!"

துடுக்கிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கொண்டை ஆசை விடவில்லை. இதற்குள் ஒருத்திக்குக் கால் சுளுக்கிக்கொள்ள, ஓரத்திலிருந்த கடைக்குட்டி தூங்கியை இறக்கினார்கள். தூங்கி நேரே கூடைக்கு அடியில் போய் நின்று, சருகைப் புரட்டிக் கரையான் தேட ஆரம்பித்தாள். அவளுக்கு ஆட்டம் என்றால் அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் சமம். கடைசிப் பந்து துடுக்கியிடம் வந்தது. இதை நானேதான் போடுவேன், யாருக்கும் தர மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே எம்பினாள். எதிரே தோகை மறைத்தது. அந்தப் பதற்றத்தில், பிறந்ததிலிருந்து பழகிய அவளுடைய வாய் அவளைக் கேட்காமலே கூவிவிட்டது: "இந்தா!"

வாய் கூவியதும் சிறகும் பந்தைத் தள்ளிவிட்டது. கூடைக்கு அடியில் தூங்கி, சாப்பாடுதான் வருகிறது என்று நிமிர்ந்து வாயைப் பிளந்தாள். புன்னைக்காய் சரியாக வாயில் விழுந்தது. கடித்துப் பார்த்தாள். கசந்தது.

"தூ!" என்று துப்பினாள். மேலே போன காய் கூடைக்குள் விழுந்து அடிவழியாக வெளியே வந்தது. கொண்டலாத்தி ஊதிவிட்டது.

பெரியக்கா புதரைப் பார்த்து ஓடினாள். குஞ்சுகள் ஒன்றும் தெரியாமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. துடுக்கிக்கு அழுகை வந்தது. கொண்டைக்கு ஆசைப்பட்டு இதுகளைக் கொல்லப் பார்த்தோமே என்று வெட்கப்பட்டாள். புழு ஒன்றைப் பிடித்து ஒரு குஞ்சின் வாயில் வைத்தாள்.

யானை நாட்டாமை கொண்டையோடு வந்தார். "வம்சம்னா ஒரு ராஜா வேணும். யாரு தலைக்கு இது?"

"கடைசிப் பந்தைப் போட்டது தூங்கி. அவளுக்கே வையுங்க" என்றாள் துடுக்கி.

"எனக்கு வேணாம், சருகுல மாட்டும். நீதானே பந்தைக் குடுத்த, நீ வச்சுக்கோ."

"நானா குடுத்தேன்? வாய் தவறிப்போச்சு! பெரியக்காவுக்கு வையுங்க."

"பெரியவள்னா எல்லாத்தையும் என் தலையில கட்டுவீங்களோ?" என்று பெரியக்கா எகிற, சுளுக்கிய காலோடு இருந்தவளும் வந்து சேர, ஏழு பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள்.

நாட்டாமைக்குக் காது வலித்தது. "இவங்க பேசி முடிக்கிற வரைக்கும் நீ வச்சிரு" என்று கொண்டையைக் கொண்டலாத்தியின் தலையில் செருகிவிட்டுப் போனார். அவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. கொண்டலாத்தியும் ஞாபகப்படுத்தப் போவதில்லை.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகவே மரத்தடிச் சருகைப் புரட்டுகின்றன, கொண்டை யாருக்கு என்று ஓயாமல் சண்டை போடுகின்றன. பாம்போ வல்லூறோ வந்தால் சண்டையை அப்படியே நிறுத்தி எல்லாமாகச் சேர்ந்து விரட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன.