தங்கையா பிடித்து வைத்த காற்று

கடலைப் பார்த்த குன்றின் மேல் ஒரு நிலையம். வெயிலின் கொடுமையைத் தடுத்து நிற்கும் ஓசோனை அரிக்கிற வாயுக்கள் காற்றில் எவ்வளவு இருக்கின்றன என்று வருடக்கணக்காக அளப்பதுதான் அங்கே வேலை. மெஷினில் காற்றைச் செலுத்தினால் வரைபடத்தில் ஒரு கோடு ஓடும்; ஒவ்வொரு வாயுவுக்கும் அதில் ஒரு மேடு எழும்.

குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்து வயது. சீடர் பொன்னுலிங்கம் ஐம்பதைத் தாண்டியவர். வேறு இலாகாவிலிருந்து மாற்றலாகி வந்து, தொழிலை அந்தப் பெண்ணிடம் கற்றுக்கொண்டார். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, ஜெசிந்தாவுக்குக் கர்வமும் இல்லை.

ஒரு காலை பொன்னுலிங்கம் வாடிய முகத்தோடு வந்து நின்றார்.

"மேடம், நம்ம வரைபடத்துல பேரு தெரியாத மேடு ஒண்ணு தெரியுதுல்லா? எவனோ புதுசா ஒரு வாயுவ வெளிய விடுதான்னு மேலிடத்துக்கு எழுதினேன். மெஷினத் தொடைச்சிட்டுப் பாருங்கன்னு சிரிக்காவ."

"நீங்க என்ன நெனைக்கிய?"

"மேடு நெசம்தான். ஆனா அது நேத்து வந்ததா, காலங்காலமா இருக்கதான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? பழைய காத்துக்கு எங்க போவேன்?"

ஜெசிந்தா எழுந்தார். சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் இருந்த கொட்டகைக்கு நடந்தார்.

உள்ளே எஃகு சிலிண்டர்கள் நின்றன. ஒன்றின் கழுத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கியது. அதில் ஆணியால் கீறிய பெயர், தங்கையா. கீழே ஒரு தேதி. அந்தத் தேதியில் பொன்னுலிங்கம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்.

"இது என்ன மேடம்?"

"அன்னைக்கு அடிச்ச கடல்காத்து. இங்க முன்ன வேல பாத்த தங்கையா பிடிச்சு வச்சது."

இருவருமாகத் தூக்கி வந்து மெஷினில் மாட்டினார்கள். இந்தக் காற்றிலும் அந்த மேடு வந்தால் ஒன்று மெஷின் கோளாறு, இல்லையென்றால் என்றைக்கும் உள்ள வாயு. எப்படியானாலும் பொன்னுலிங்கத்தின் மானம் போகும்.

கோடு ஊர்ந்தது. தெரிந்த வாயுக்களின் மேடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. புது மேடு வரவேண்டிய இடத்தில் கோடு தரையோடு தரையாகப் போய்விட்டது.

"இல்ல மேடம்! அப்ப இல்ல!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இனி எவனும் சிரிக்க முடியாது. விடுதவனக் கண்டுபிடிச்சு ஆரம்பத்துலயே நிறுத்திரலாம். இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துருவமா?"

சந்தோஷத்தில் அவர் கை சிலிண்டரின் திருகுக்குப் போயிற்று. ஜெசிந்தா அதை விலக்கிவிட்டுத் திருகை இறுக மூடினார்.

"போதும் அண்ணாச்சி. மிச்சம் இருக்கட்டும்."

"யாருக்கு?"

"உங்கள மாதிரி யாராவது வந்து நிப்பாவ."

பொன்னுலிங்கம் உழுதுவிட்டு வந்த மாட்டைத் தடவுவதுபோல அந்தச் சிலிண்டரைத் தடவினார். முகம் தெரியாத ஒரு மனிதர்மேல் இவ்வளவு நன்றி பொங்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"நான் அவரப் பாக்கணும் மேடம். கால்ல விழணும்."

"இறந்து போயிட்டாவ. நானே பாத்ததில்ல."

"பெறகு இந்த நன்றிய நான் எங்க கொண்டு வைக்க?"

ஜெசிந்தா சன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

"காத்து கடல்ல இருந்துதான் வருது, ஊர்ப் புகை கலக்கல. காலி சிலிண்டர் ஒண்ணு இருக்கு, பிடிச்சு வைங்க."

"எந்த வாயுவுக்காக மேடம்?"

"தெரியாது அண்ணாச்சி. தங்கையாவும் தெரியாமத்தான் பிடிச்சு வச்சாவ."