எண்பத்தாறாவது கணினி

திருநெல்வேலியில் ஐந்து மாடி மருத்துவமனை ஒன்றில் அருளப்பன் இருபது வருடம் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்றாவது வயதில் அவரைக் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பொறுப்பிலிருந்த செண்பகவல்லிக்கு வயது முப்பத்து நான்கு. அவரிடம்தான் அருளப்பன் தொழில் கற்றார்.

ஒரு கணினியின் திரையை வேறோர் இடத்திலிருந்தே பார்த்து இயக்க உதவும் மென்பொருளை எல்லாக் கணினிகளிலும் போடச் சொல்லியிருந்தார் செண்பகவல்லி. மாடி மாடியாக ஏறி இறங்க அருளப்பனின் முழங்கால் இடம் தரவில்லை. நெட்வொர்க் வழியாகவே அனுப்பும் வழியைக் கண்டுபிடித்தார். நாற்பது நிமிடத்தில் எண்பத்தாறு கணினிகளிலும் மென்பொருள் ஏறிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை.

சரியாக வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மூன்றாம் மாடிப் பதிவேட்டு அறையின் திரையில் ஒரு கடிதம் பாதியில் நின்றது. அங்கே வேலை பார்க்கும் பாத்திமுத்து, மேலாளர் தன்னிடம் தவறாக நடந்துகொள்வதாக நிர்வாகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அருளப்பன் இரண்டு வரி படித்துவிட்டார். பதறி மூடப் போனதில் கை மௌஸில் பட்டு, அவள் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. பிறகு பாத்திமுத்து எழுத்துகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள். வெறும் திரை வரும்வரை அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததைச் செண்பகவல்லியிடம் சொன்னார். கடிதத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. செண்பகவல்லியும் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்பத்தாறிலிருந்தும் மென்பொருளை நீக்கினார்.

“ஒவ்வொருத்தரையும் நேர்ல பார்த்து, இது என்ன செய்யும்னு சொல்லி, போடலாமான்னு கேளுங்க அண்ணாச்சி. அவங்க சம்மதிச்சாத்தான் நாம உள்ள போற மாதிரி வைங்க.”

“எல்லாம் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்தானே மேடம். கேட்கணுமா?”

செண்பகவல்லி கணினிகளின் பட்டியலை அச்சடித்து அவர் கையில் கொடுத்தார்.

நான்கு நாள் ஆயிற்று. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு ஏறினார். சிலர் டீ வாங்கித் தந்தார்கள். சிலர் நிமிர்ந்து பார்க்காமலே தலையாட்டினார்கள். பல் மருத்துவர் ஒருவர் அரை மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். பதிவேட்டு அறையைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

அன்று அவள் கணினிக்குள் வந்தது தான்தான் என்று பாத்திமுத்துவிடம் சொன்னார். இரண்டு வரி படித்ததையும், அதை யாரிடமும் பேசாததையும் சொன்னார். அவள் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேலாளர்தான் பார்த்துட்டாருன்னு நினைச்சேன். நாலு நாளா தூங்கலை.”

அருளப்பன் மென்பொருளைப் பற்றி விளக்கினார். போடலாமா என்று கேட்டார்.

“வேண்டாம் அண்ணாச்சி.”

“சரிம்மா.”

அவர் கதவைத் தாண்டியபோது பின்னால் தட்டச்சு ஓசை கேட்டது. அவர் திரும்பவில்லை.

கீழே வந்து செண்பகவல்லியிடம், எண்பத்தைந்தில் போட்டாயிற்று, ஒருவர் மட்டும் மறுத்துவிட்டார் என்றார்.

“நான் சரியா கேட்கலையோ என்னவோ மேடம்.”

“சரியாத்தான் கேட்டிருக்கீங்க அண்ணாச்சி. வேண்டாம்னு அவங்களால சொல்ல முடிஞ்சிருக்கே.”